ஏற்காட்டுச் சலவையும் சேலத்துப் புதன்கிழமையும்

ஏற்காட்டு லாட்ஜுகளுக்குத் துணி துவைத்துக் கொடுக்கும் தொழிலை ஆரம்பித்த புதிதில், புதன்கிழமை ஏன்தான் வருகிறதோ என்றிருக்கும். அன்றைக்குத்தான் சேலத்தில் ஓர் ஓட்டல் ஹாலில் தொழில் செய்கிறவர்களின் காலைக் கூட்டம். ஒருவருக்கொருவர் வியாபாரம் பிடித்துத் தரும் குழு அது. முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் போய்ச் சேர முடியும். வளைவுக்கு வளைவு பஸ் திரும்ப, பேச வேண்டியதை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே போவேன். அடிவாரம் வருவதற்குள் பாதி மறந்திருக்கும்.

என் கணவர் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். போக வேண்டாம் என்று அவர் சொன்னதில்லை. ஆனால் சாயங்காலம் ஏதாவது நடந்ததா என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே, வந்ததும் வராததுமாக அடுப்படிக்குள் புகுந்துகொள்வேன்.

கூட்டத்தில் ஆளுக்கு ஒரு நிமிஷம் எழுந்து நின்று தன் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். டைல்ஸ் கடைக்காரர், பல் டாக்டர், இன்சூரன்ஸ்காரர் என்று எல்லாரும் தங்களுக்குள் வேலை கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். என் கார்டை மட்டும் சிரித்தபடி வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். சேலத்துக்காரர் யார் தன் போர்வையை மலைக்கு அனுப்பித் துவைக்கப் போகிறார்? மேலேயும் ஒன்றும் நகரவில்லை. லாட்ஜ் மேனேஜர்கள் மரியாதையாகப் பேசி, ஓனரைக் கேட்டுச் சொல்வதாக அனுப்பிவைத்தார்கள். பெட்ஷீட்டுகள் எப்போதும்போல வேனில் சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தன. என் பெரிய சலவை மெஷின் சும்மா நின்றது. நான்தான் நிற்க முடியாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஒரு புதன்கிழமை என் முறை வருவதற்கு முன்பே எழுந்து வெளியே வந்துவிட்டேன். படிக்கட்டில் போன் பேசிக்கொண்டிருந்தார், குழுவில் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் பெண். என் வயதுதான் இருக்கும். போனை வைத்துவிட்டு, ஏன் கிளம்பிவிட்டேன் என்று கேட்டார்.

"இங்க எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க. லாட்ஜெல்லாம் மேலதான இருக்குது" என்றேன்.

"லாட்ஜு மேல இருக்குதுங்க. ஓனருங்க எங்க இருக்காங்க?"

ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். எந்த லாட்ஜ் எந்த முக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஓனர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. பாதிப் பேர் சேலத்தில்தான் குடியிருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்கெல்லாம் தான் திரைச்சீலை தைத்திருப்பதாக அவர் சொன்னார்.

அடுத்த வாரம் என் மெஷினைப் பற்றி நான் பேசவே இல்லை. சில லாட்ஜுகளின் பெயரைச் சொல்லி, ஓனரை யாருக்காவது தெரியுமா என்று மட்டும் கேட்டேன். பல் டாக்டர் கை தூக்கினார். அதில் ஒரு லாட்ஜின் ஓனரம்மா அவரிடம்தான் வைத்தியம் பார்க்கிறாராம். டாக்டரே போன் செய்து சொல்லிவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது அந்த அம்மா, சீசன் நேரத்தில் வேன் வராமல் படுகிற பாட்டையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, ஒரு வாரம் கொடுத்துப் பார்க்கிறேன் என்றார்.

அந்த வாரம் பார்த்து மூடுபனி இறங்கிவிட்டது. துணி காயப்போடும் ஷெட்டில் ஃபேன் போட்டும் பெட்ஷீட்டுகள் காயவில்லை. மறுநாள் லேசாக வாடை அடிக்க ஆரம்பித்தது. சனிக்கிழமை லாட்ஜுக்கு ஆட்கள் வருகிறார்கள். திரைச்சீலைக்காரருக்குப் போன் செய்தேன்.

"எடுத்துட்டு வாங்க. இங்க வெயிலு சுள்ளுனு அடிக்குது, மொட்டை மாடி சும்மாதான் கெடக்குது" என்றார்.

எல்லாவற்றையும் மறுபடி அலசி, ஈரத்தோடு மூட்டை கட்டி வாடகை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் தையல் வேலையை நிறுத்திவிட்டு வந்து என்னோடு சேர்ந்து கொடி கட்டினார். மத்தியானத்துக்குள் எல்லாம் மொடமொடவென்று காய்ந்துவிட்டன. நேராக லாட்ஜில் கொண்டுபோய் இறக்கினேன். மேனேஜர் ஒரு தலையணை உறையை மோந்து பார்த்துவிட்டு, உள்ளே எடுத்துப் போகச் சொன்னார்.

அந்த லாட்ஜ் நிலைத்தது. ஓனரம்மா சொல்லி இன்னொன்றும் வந்தது. துணி காய வைக்கும் மெஷின் ஒன்றும் வாங்கிவிட்டேன். ஆனாலும் மனசு ஓய்ந்தபாடில்லை. எனக்கு ஆள் காட்டியவர்களுக்கு நானும் ஆள் காட்ட வேண்டுமே. டைல்ஸ் கடைக்காரர், மலையில் யாராவது வீடு கட்டினால் சொல்லச் சொல்லியிருக்கிறார். போன வாரம் மாரமங்கலம் போகிற வழியில் ரோட்டோரம் மணல் குவித்திருந்ததைப் பார்த்ததும் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தவரிடம் மணலைக் காட்டி, "ஏனுங்க, இது யாரு ஊட்டு வேலைங்க?" என்று கேட்டேன்.