குருவம்மாளின் பகல் துடிப்பு

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் கேட்டில் பதினொரு வருஷமாக வாட்ச்மேன் பெத்தணன். உள்ளே செல்போன் போகக் கூடாது, தீப்பெட்டி போகக் கூடாது, பேட்டரி உள்ள எந்தச் சாமானும் போகக் கூடாது. முதலாளியின் மருமகனையே ஒருதரம் மடக்கிப் பையைச் சோதித்தவர். அப்பேர்ப்பட்டவர் முன்னால், அதே கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கிற அவருடைய சம்சாரம் குருவம்மாள் ஒருநாள் புது வாட்சோடு வந்து நின்றாள்.

"கழட்டு புள்ள."

"குளிக்கயில தவிர கழட்டக் கூடாதுன்னு நர்சம்மா சொல்லியிருக்காக."

"நர்சம்மா வந்து வெடிமருந்துக்குப் பக்கத்துல நிப்பாகளா?"

கழற்றிக் கொடுத்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

குருவம்மாளுக்கு ஒரு வருஷமாக நெஞ்சு படபடப்பு. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி அதற்கென்று ஒரு புது மாத்திரையை நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தது. மாத்திரையும் பரிசோதனையும் அவர்கள் பொறுப்பு. மதுரைக்கு அலைய வேண்டியதும் இல்லை. வாட்ச் நாடித் துடிப்பை எண்ணும், வீட்டிலிருக்கும் போன் வழியாக அது மதுரைக்குப் போய்விடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆஷ்லின் சிஸ்டர் விருதுநகரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து ரத்தம் எடுத்துப் போவாள். இதில் சேர்ந்த பிறகுதான் குருவம்மாள் ராத்திரியில் படுத்துத் தூங்குகிறாள்.

முதல் தடவை வந்தபோதே ஆஷ்லின் உதட்டைப் பிதுக்கினாள். "அண்ணாச்சி, பகல்ல ஒம்பது மணி நேரம் ஒண்ணுமே பதிவாகல. இப்படியே போனா மதுரையில பேரை எடுத்துருவாக."

"எடுத்தா எடுக்கட்டும். அதுக்காக வேலையை விட முடியுமா?" என்றாள் குருவம்மாள்.

பெத்தணனின் மனசுக்குள் ஒரு யோசனை ஓடியது. அதுதான் வினை.

மறுநாள் அவள் உள்ளே போனதும் வாட்சை எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டார். பதிவாகாமல் இருந்தால்தானே பேரை எடுப்பார்கள்! தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பயம் பிடித்தது. தன் நாடி கன்னாபின்னாவென்று அடித்தால் அவள் பேரில் அல்லவா ஏறும்? அன்றிலிருந்து மனுஷன் ஆளே மாறிப்போனார். லோடு லாரிக்காரர்களிடம் கத்துவதை நிறுத்தினார். டீக்கடைக்கு நடக்கவில்லை, பீடியைத் தொடவில்லை. பெண்டாட்டிக்காக மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். லாரி டிரைவர் மாரிக்கண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அண்ணாச்சி, என்ன சித்திரையிலயே மாலை போட்டுட்டீகளா?"

பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேரே வந்த ஆஷ்லின் முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, பகல்ல துடிப்பு அம்பத்தெட்டு வரைக்கும் இறங்கியிருக்கு. இதுக்கு மேல இறங்கக் கூடாதுன்னு, நாளையிலருந்து காலை மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டாக டாக்டர்."

"எனக்கென்னமோ வேலையில இருக்கயில தலை கிறுகிறுன்னு வருது சிஸ்டர்."

"துடிப்பு இறங்கினதால இருக்கும்க்கா."

பெத்தணனுக்கு இரண்டு பக்கமும் இடி. சொன்னால் பேரை எடுத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் மாத்திரையை எடுத்துவிடுவார்கள். கடைசியில், "அந்த அம்பத்தெட்டு அவளோடது இல்ல சிஸ்டர், என்னோடது," என்றார்.

விஷயம் புரிந்ததும் குருவம்மாள் முதலில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு கோபம் வந்தது. "எனக்கு வந்த சீக்கைக்கூட எங்கிட்ட இருந்து பிடுங்கிக்கிட்டீகளே!"

ஆஷ்லின் சிரிக்கவில்லை. "மறைக்க முடியாது அண்ணாச்சி. நான் எழுதித்தான் ஆகணும்," என்றாள். வாசலுக்குப் போய் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்து, காலை மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

மூன்று நாள் பெத்தணனுக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் தகவல் வந்தது. அந்தப் பதினைந்து நாள் பகல் பதிவு முழுக்கத் தள்ளுபடி. பேர் இருக்கும். ஆனால் வேலை நேரத்தில் மூன்று தடவை, இடைவேளையில் கேட்டுக்கு வந்து அவளே கால் மணி நேரம் வாட்சைக் கட்டி உட்கார வேண்டும்.

மறுநாள் பத்தரை மணிக்குக் குருவம்மாள் வந்தாள். பெத்தணன் அவளைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து வாட்சைக் கட்டிவிட்டார். எண் கொஞ்சம் தடுமாறி நூற்று இருபத்தாறில் நின்றது.

"நடந்து வந்ததால இருக்கும். செத்த பொறு."

ஐந்து நிமிஷம் கழித்தும் நூற்று இருபத்து நாலு.

"என்ன புள்ள இது?"

"இன்னைக்குத் தேவலை," என்றாள் அவள் சாதாரணமாக. "போன வாரமெல்லாம் இந்நேரத்துக்குத் திரி ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சது."

போன வாரமெல்லாம் எண்பது தப்படி தள்ளி, இதே நாற்காலியில், அம்பத்தெட்டில் சுகமாக உட்கார்ந்திருந்தவர் அவர். நெஞ்சு தாங்கவில்லை. அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டிலேயே அழுதார்.

"விடுங்க. ஆளுக பாக்குறாக."

"பாக்கட்டும்," என்றார் பெத்தணன். "நீ இன்னைக்கு உள்ள போகல. மதுரைக்குப் போறோம்."