அண்ணி கட்டி வைத்த சைக்கிள்

லிங்கநகரில் அண்ணி வீட்டு விறாந்தை மூலையில் நீலப் பொலித்தீன் சுற்றிய பெரிய பொதியொன்று நின்றது. அண்ணி அதை வலை கட்டும் நைலோன் கயிற்றால் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டியிருப்பார். புதிதாக வந்தவர்கள் என்ன அது என்று கேட்டால், "அவரின்ர சைக்கிள்" என்பார் அண்ணி. அவர் சொல்லும் விதத்தில், பிரான்சிலிருக்கும் என் அண்ணா அன்று பின்னேரமே வந்து இறங்கிவிடுவார் போலிருக்கும்.

கலியாணம் முடித்த அடுத்த வருஷமே அண்ணா போய்விட்டார். அங்கே அவருடைய அகதி வழக்கு முடியாமல் இழுபட்டது. வந்தால் திரும்பப் போக முடியாது, அண்ணியைக் கூப்பிடவும் வழியில்லை. புறப்பட்ட அன்று சைக்கிள் சீற்றில் தட்டி, "வடிவாப் பார்த்துக்கொள்ளும். வந்து இதிலதான் உம்மைக் கடற்கரைக்கு ஏத்திக்கொண்டு போவன்" என்று சொன்னாராம். அண்ணிக்கு அது போதுமாயிருந்தது.

வெளிநாடு போனவரின் பொருளை எங்கள் வீடுகளில் மற்றவர்கள் பாவிப்பதில்லை. சாரம் மடித்தபடி அலுமாரியில் கிடக்கும், அவருடைய கதிரையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அவர் வந்துதான் எடுக்கவேண்டும். வேறொருவர் எடுத்தால் ஆள் இனி வரமாட்டார் என்று நாங்களே முடிவு கட்டியதாகிவிடும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். அண்ணி பள்ளிக்கூடக் காலத்தில் நன்றாகச் சைக்கிள் ஓடியவர். ஆனாலும் தான் படிப்பித்த பாலர் பாடசாலைக்கு, உச்சி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் போய்வந்தார்.

வெள்ளிக்கிழமைகளில் முழுகி, விளக்கேற்றிய கையோடு பொதியை அவிழ்ப்பார். ஈரத் துணியால் சைக்கிளைத் துடைப்பார். விளக்குக்கு விட்ட அதே போத்தலிலிருந்து தேங்காய் எண்ணெயைச் செயினில் வழிய வழிய ஊற்றுவார். பிறகு திரும்பவும் பொலித்தீன், திரும்பவும் கயிறு. முடிச்சுப் போடும்போது இளகாமலிருக்க நானும் விரல் வைத்துக் கொடுத்திருக்கிறேன். அம்மா எங்கள் சொந்தத்துக் குமர்ப்பிள்ளைகளிடம், "மருமகளைப் பாருங்கோ, புருசன்ர பொருளை என்ன மாதிரி வைச்சிருக்கிறாள்" என்று பெருமையாகச் சொல்லுவா. அதைக் கேட்டு நாங்களும் மனம் நிறைந்து போவோம்.

வழக்குத் தோற்று அண்ணா ஒருவழியாகத் திரும்பி வந்தார். தலை நரைத்து, தொந்தி வைத்துவிட்டது. மறுநாள் காலை தேத்தண்ணி குடித்து முடிந்ததும் அண்ணி அவரை விறாந்தைக்குக் கூட்டிப் போய், பொதியை அவிழ்த்தார். செயின் துருவேறிச் செம்மண் நிறத்துக்கு வந்திருந்தது. கறுத்துத் தடித்த எண்ணெயில் மண் அப்பி, கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பெடலை மிதிக்க அது அசையவே இல்லை. நிலத்தில் அழுந்தி நின்ற இடத்தில் ரயர்கள் வெடித்திருந்தன. ஒவ்வொரு கிழமையும் அவிழ்த்துப் பார்த்தவருக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதானது தெரியவில்லை. ஒருநாளும் பெடலைச் சுற்றிப் பார்த்ததும் இல்லை.

"நான் வடிவாத்தானே பார்த்தனான். எண்ணெய் விடாத வெள்ளி இல்லையே" என்று அண்ணி திரும்பத் திரும்பச் சொன்னார்.

அண்ணா சிரித்தார். "விடும், இரும்புதானே. மோட்டார் சைக்கிள் ஒண்டு எடுப்பம்" என்றார். ஆறுதலுக்காகத்தான் சிரித்தார், நல்ல மனுசன். ஆனாலும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. பழைய இரும்புக்காரர் வந்து சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகும்வரை அண்ணி குசினிக்குள் அடுப்படியிலேயே நின்றார்.

இப்போது நான் வேலை செய்யும் கந்தோருக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். எங்கள் துறைமுகப் பக்கத்து உப்புக்காற்றில் இறுக்கிக் கட்டிய பொலித்தீனின் உள்ளே வியர்க்கும். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசினாகி மண்ணை இழுக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் செயினைத் துடைத்துக் காயவிட்டு, கண்ணிக்கொரு சொட்டு மெசின் எண்ணெய் விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, வெளியில் நிற்கும் எண்ணெயை வழித்துவிட்டால் போதும். நெடுநாள் நிறுத்துவதென்றால் ஈரமில்லாத இடத்தில் ரயர் நிலத்தில் படாமல் தூக்கி வைத்து, மேலே பழைய பருத்திச் சேலையொன்றைப் போட்டுவிடலாம். எல்லாவற்றையும்விட, இடைக்கிடை எடுத்து ஓடவேண்டும். நகரத்தில் எந்தச் சைக்கிள் கடையில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. அண்ணியின் பாசம் ஒன்றே அதைக் காப்பாற்றிவிடும் என்று நினைத்தோம்.

போன மாதம் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் முற்றத்தில் செயின் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நீங்கள் அதை எடுத்து ஓடியிருக்கலாம் அண்ணி. உங்களுக்கும் நடை மிச்சம், அதுவும் பழுதாகியிராது."

"ஒருநாள் ஓடினனான்" என்றார். "அவர் போன புதுசில. பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப்போச்செண்டு எடுத்துக்கொண்டு வாசல் படலை வரைக்கும்தான் போனனான். மாமி எதிரில வந்தவ."

மாமி என்றது என் அம்மாவை.

"அம்மா என்ன சொன்னவ?"

"ஒண்டும் ஏசேல்லைப் பிள்ளை. 'என்ன மோனை, அவன் இனி வரமாட்டான் எண்டு நினைச்சிட்டியோ' எண்டு மட்டும் கேட்டவ. அண்டைக்குத்தான் அந்தக் கயிறு வாங்கினனான்."

அம்மா இப்போது இல்லை. இருந்திருந்தாலும் அவவிடம் என்ன கேட்டிருப்பேன் என்று தெரியவில்லை. அந்த வெயிலையும் குடையையும் நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி, என் சைக்கிளை உருட்டிவந்து அவர் முன்னால் பிடித்தேன்.

"ஒருக்கா ஓடிப் பாருங்கோ அண்ணி. நான் பிடிக்கிறன்."

அண்ணி ஹாண்டிலில் கை வைத்தார். மணியை ஒருதரம் அடித்துப் பார்த்தார். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"இனி ஏலாது பிள்ளை."