ரெஜினா ரீச்சர் தூக்கிப் பார்த்த படங்கு

ரெஜினா ரீச்சர் காலமான செய்தியை அவருடைய தங்கை உப்புவெளியிலிருந்து தொலைபேசியில் சொன்னார். "அக்கா போயிட்டா சேர். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தவ, அப்பிடியே கதிரையில சாய்ஞ்சிட்டா." மத்தியானம் இன்னொரு செய்தி கைபேசிக்கு வந்தது. துறைமுகத்தில் கப்பல் திருத்தும் தனியார் நிறுவனம் ஒன்று ரீச்சரின் படத்தைப் போட்டு, 'எமது சுற்றாடல் தோழிக்கு அஞ்சலி' என்று எழுதியிருந்தது. எனக்கு அருவருத்தது. ரீச்சரை அறிந்த உங்களில் பலருக்கு ஏனென்று தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

ரீச்சர் எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தார். சுற்றாடல் கழகத்துக்கும் பொறுப்பாக இருந்தார். நான் புவியியல். சில வருடங்களுக்கு முன் அந்த நிறுவனம் கழகப் பிள்ளைகளைத் தன் வேலைத்தளத்தைப் பார்க்க அழைத்தது. இருவரும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனோம். முகாமையாளர் எல்லோருக்கும் பச்சைத் தொப்பி கொடுத்தார். "எங்கட தளத்தில இருந்து ஒரு சொட்டு அழுக்கும் கடலுக்குப் போகாது" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே பெயின்ற் நாற்றம் தொண்டையைப் பிடித்தது.

கரையோரம் நீலப் படங்கு போட்டு எதையோ மூடியிருந்தார்கள். மூதூர்ப் பிள்ளை நஸ்ரின், "அதுக்குள்ள என்ன சேர்?" என்று முகாமையாளரிடம் கேட்டாள்.

"பழைய சாமான், பிள்ளை. இஞ்சால வாங்கோ."

ரீச்சர் நேரே போய்ப் படங்கின் நுனியைப் பிடித்துத் தூக்கினார். கப்பல்களின் அடியிலிருந்து சுரண்டிய பெயின்ற் செதில்கள், எண்ணெய் ஊறிய சாக்குகள், கறுப்புக் களி. களி ஒரு சின்ன வாய்க்காலால் கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதன் வாயில் நண்டுகள் வயிறு தெரியச் செத்துக் கிடந்தன. ஒரு பிள்ளை அந்த இடத்திலேயே சத்தி எடுத்தது.

"ரீச்சர், இது புரோகிராமில இல்லை" என்றார் முகாமையாளர்.

"கடலும் இல்லையோ?" என்று கேட்டார் ரீச்சர்.

அதற்குப் பிறகும் வெட்கமில்லாமல் மரநடுகை நடந்தது. கன்றுகளைக் கறுப்புப் பையோடு குழிக்குள் வைக்கச் சொன்னார்கள். நஸ்ரின் பையைக் கிழிக்கப் போக, ஓர் உத்தியோகத்தர் தடுத்தார். "கிழிக்காதேங்கோ, அடுத்த கிழமையும் ஒரு ஸ்கூல் வருது."

ரீச்சர் திரும்பி, "பிள்ளையள், தொப்பியைக் கழட்டுங்கோ" என்றார். படமெடுக்க வந்த கமராக்காரர் நிற்க நிற்க, தொப்பிகளை மேசையில் வைத்துவிட்டு வெளியேறினோம். அவர்கள் தந்த சோற்றுப் பார்சலை மட்டும் ரீச்சர் திருப்பிக் கொடுக்கவில்லை. "சோறு என்ன பிழை செய்தது? பிள்ளையளுக்குப் பசிக்கும்" என்று பஸ்ஸில் பிரித்துக் கொடுத்தார். கோழித் துண்டு சின்னன் என்று குறையும் சொன்னார்.

அந்த நிறுவனம் பாடசாலைக்குக் கணினி கொடுத்திருந்தது. ரீச்சர் முறைப்பாடு செய்ததும் அதிபர் கூப்பிட்டு, "ஏன் ரீச்சர் தேவையில்லாத பிரச்சினை?" என்றார். கழகப் பொறுப்பு இன்னொருவருக்குப் போனது. ரீச்சர் விடவில்லை, ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கினார். கடைசியில் அதிகாரிகள் வந்து வாய்க்காலை மூடவைத்தார்கள். எங்கள் சந்தோசம் அதிக நாள் நிற்கவில்லை. மீன்பிடிக்கப் போகும் தகப்பன் ஒருவர் வந்து, தண்ணீருக்கு அடியால் குழாய் போட்டிருக்கிறார்கள் என்றார்.

"இப்ப கண்ணுக்குத் தெரியாமல் போகுது. அவையளின்ர திருத்தம் அவ்வளவுதான்" என்றார் ரீச்சர். இந்த ஊர் இப்படித்தான் என்று நான் சலித்துக்கொண்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பிடிச் சொல்லாதேங்கோ சேர். அருவருப்பு இருக்கிற வரைக்கும்தான் நாங்கள் ஏதும் செய்வம்." குழாய் பற்றியும் முறையிட்டார். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

செத்தவீட்டுக்கு முகாமையாளர் வந்தார். பொலித்தீன் சுற்றிய பிளாஸ்டிக் பூ மலர்வளையம், அதில் பெரிய எழுத்தில் நிறுவனத்தின் பெயர். படம் பிடிக்கவும் ஆள் கொண்டுவந்திருந்தார். பெட்டியடியில் வளையத்தை வைக்கக் குனிந்தவரை ரீச்சரின் தங்கை மறித்தார். "அக்காவுக்குப் பக்கத்தில இது வேண்டாம். வெளியில கொண்டுபோங்கோ." அழுதுகொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். வளையம் வெளியே போனது.

ரீச்சர் பொறுமைசாலி, யாரையும் நோகடிக்காதவர் என்று அடக்கத்தின்போது சேமக்காலையில் பலரும் பேசினார்கள். அவர்கள் சொன்ன ரெஜினா ரீச்சரை எனக்குத் தெரியாது. திரும்பும்போது முகாமையாளர் என்னிடம் வந்து, "நல்ல மனுசி, என்ன சேர்?" என்று கையை நீட்டினார். நான் என் கையைக் கொடுக்கவில்லை. அவர் போய்விட்டார், எனக்குள்ளிருந்த அருவருப்பு போகவில்லை. ரீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.