ஆகஸ்ட் தாண்டினால்தான் தகரம்

ஒரு மாதம் ஒரு மனுஷியைக் கொல்லுமா? பதில் சொல்லக் கொஞ்சம் தயங்குகிறீர்கள் என்றால் நீங்களும் எங்கள் சிலோயே தீவுக்காரர்தான். மேட்டுத் தெருவிலேயே உங்களுக்கு ஒரு வீடு பார்த்துவிடலாம். பூமியின் தென்கோடியில் இருக்கும் எங்கள் ஊரில் ஆகஸ்ட்தான் கடுங்குளிர் மாதம்; வயதானவர்களைக் கொண்டுபோவது அதுதான். ‘ஆகஸ்டைத் தாண்டிவிட்டால் இன்னொரு வருஷம் உறுதி’ என்பார்கள். பள்ளிக்கூட வாத்தியார் சொல்வார். பாதிரியார் சொல்வார். மருந்துக்கடைக்காரர் இருமல் மருந்தைக் கையில் கொடுத்துக்கொண்டே சொல்வார். மாதக் கடைசியில், தாண்டியவர்களுக்கெல்லாம் விருந்தும் உண்டு. தாண்டாதவர்களைப் பற்றி அங்கே யாரும் பேச மாட்டார்கள், ஆட்டிறைச்சி ஆறிவிடும்.

எதெல்மிரா பாரியா எண்பத்தோரு ஆகஸ்டுகளைத் தாண்டியவர். எதிரில் இருக்கும் சின்னத் தீவில் பிறந்தார். பாவாடை முழங்காலைத் தொடும் வயதிலேயே ஊருக்குள் ஒரு பெரிய வீட்டுக்கு எடுபிடி வேலைக்கு வந்தார். பிறகு சிப்பியை டப்பாவில் அடைக்கும் ஆலையில், கால் மரத்துப்போகும்வரை நின்று வேலை பார்த்தார். நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை, படகோனியாவில் ஆட்டு ரோமம் கத்தரித்துவிட்டு வசந்தத்தில் திரும்பிவிடுகிறேன் என்று கப்பலேறினார்.

“எந்த வசந்தம்னு அவரு சொல்லல, நானும் கேக்கல” என்பார் எதெல்மிரா. “அந்தப் பக்கம் ஆடு ஜாஸ்தி. பாவம், இன்னும் கத்தரிச்சுக்கிட்டு இருப்பாரு.”

அந்த வசந்தத்துக்கு எதெல்மிரா காத்திருக்கவில்லை. ஆனால் மற்ற வசந்தங்களுக்குக் காத்திருப்பதில் அவரை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. விடிந்ததும் விறகடுப்பை மூட்டுவார். கெண்டி முனகத் தொடங்கும். மாத்தே என்ற கசப்புத் தேயிலையைக் குடுக்கையில் போட்டு, வெந்நீர் ஊற்றி, உறிஞ்சுகுழாயை வாயில் வைத்துக்கொண்டே ஜன்னலுக்குப் போவார். அங்கே விதை உருளைக்கிழங்குகள் முளைக்கண்களை மேலே நீட்டியபடி வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஊதா நிறத்தில் கோணலாக இருப்பதற்குப் பாதிரியாரின் பெயர். எல்லாம் முளைத்த பிறகும் முளைக்காமல் குந்தியிருப்பதற்குக் குடியிருப்போர் கமிட்டித் தலைவர் தோன் ருபெர்த்தோவின் பெயர். மழை வலுத்தால் மாவைத் தட்டி, கொதிக்கும் கொழுப்பில் போட்டுச் சோபைப்பியா பொரிப்பார். மழை விட்டால் கொல்லைக்குப் போய், பூண்டுத் தளிர் ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். வளராவிட்டாலும் வளர்ந்ததாக அதனிடம் சொல்வார். செடிக்கும் உற்சாகம் வேண்டும் அல்லவா?

இந்த வருஷத்துப் பெருமை, தயிர்க் கிண்ணங்களில் போட்டிருந்த தக்காளி. முதல் முளை, விதைத் தோலைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு வெளியே வந்த காலையில், எதெல்மிரா பலகைச் சுவரைத் தட்டோ தட்டென்று தட்டினார்.

“வெசினா! சீக்கிரம் வா!”

எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுப் பெண்ணை ‘வெசினா’ என்றுதான் கூப்பிடுவோம்; பெரியவர் என்றால் பெயருக்கு முன்னால் ‘தோன்’, பெண்ணாக இருந்தால் ‘தோன்யா’. மீன் ஆலையில் இரவு வேலை முடித்துவிட்டு அப்போதுதான் படுத்திருந்த நிதியா, ஒரு காலில் மட்டும் ரப்பர் பூட்ஸோடு ஓடிவந்தாள்.

“என்னாச்சு? நெஞ்சு வலியா?”

“பொறந்திருக்கு.”

“எது?”

“தக்காளி.”

நிதியா அப்படியே விறகுக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டாள். “தோன்யா எதெல்மிரா, ஆகஸ்டு மாசத்துல இப்படிச் சுவத்தத் தட்டாதீங்க. வர்ற வழியிலயே ஜெபம் சொல்ல ஆரம்பிச்சுட்டேன்.”

“எதுவரைக்கும் சொன்ன?”

“பாதி.”

“மீதியத் தக்காளிக்குச் சொல்லிடு. அதுக்குத்தான் தேவை.”

விளையாட்டுப் பேச்சானாலும் விஷயம் உண்மை. ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பார்களே, எங்கள் வடக்குக் காற்றில் அம்மியோடு அரைக்கிறவரும் பறப்பார். ஜூன் மாதம் அடித்த காற்றில் எதெல்மிராவின் கூரைத் தகரம் பாதி பெயர்ந்துவிட்டது. வீட்டில் ஒழுகாத இடம் அடுப்புக்குப் பக்கத்து மூலை ஒன்றுதான். அங்கே கட்டிலைப் போடலாம், அல்லது நாற்றுப் பலகையைப் போடலாம். எதெல்மிரா நாற்றைப் போட்டார். கட்டில் ஒழுகலுக்கு அடியில், மெழுகுத் துணியைப் போர்த்திக்கொண்டு நின்றது. சுற்றிலும் பாத்திரங்கள் ஆளுக்கொரு சுருதியில் சொட்டிக்கொண்டிருந்தன.

“கட்டில இங்க இழுத்துப் போடுங்களேன். இருமறீங்க” என்றாள் நிதியா.

“நான் இருமினா தேன் குடிப்பேன். தக்காளி இருமினா அதுக்கு என்னத்தக் குடுக்கறது?”

ஆனால் இருமல் தேனுக்கு அடங்கவில்லை. இன்னொரு பெருங்காற்று அடித்தால் அந்த மூலையும் போகும். நாற்றும் போகும், நாற்றுக்காரியும் போவார். இது எதெல்மிராவுக்கு நன்றாகத் தெரியும்.

புதுத் தகரம் இல்லையா என்றால், இருந்தது. காற்றில் கூரை போனவர்களுக்காக மாகாணத்திலிருந்து ஜூலையிலேயே வந்து, கமிட்டிக் கூடத்தில் அடுக்கியிருந்தது. முதல் அடுக்கைத் தோன் ருபெர்த்தோ, தரம் எப்படி என்று சோதித்துப் பார்ப்பதற்காகத் தன் வீட்டுக் கூரையில் போட்டுக்கொண்டார். தரம் நன்றாக இருந்தது. பிறகு ஒரு விதி போட்டார்: மற்றவர்களுக்கு உடனே, எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் செப்டம்பரில்.

விளக்கம் சொல்ல அவரே நேரில் வந்தார்.

“உங்க நல்லதுக்குத்தான், தோன்யா எதெல்மிரா. ஆகஸ்டுல கூரையப் பிரிச்சா குளிர் உள்ள வந்துடும்.”

“இப்ப வர்றது என்ன, விருந்தாளியா?”

“கொஞ்சம் பொறுங்க. மாசம் முடியட்டும். யார் யார் இருக்காங்கன்னு... அதாவது, யார் யாருக்குத் தேவைன்னு தெரிஞ்சுடும். பொதுச் சொத்து. வீணாகக் கூடாது பாருங்க.” எழுந்து தொப்பியை எடுத்தவர், வாசலில் பூத்துக் குலுங்கிய காமெலியாவைப் பார்த்து நின்றார். “போறதுக்கு முன்னாடி ஒரு கிளை கெடைக்குமா? அதாவது, நான் போறதுக்கு முன்னாடி.”

சிரித்துவிட்டீர்களா? போன வருஷமும் தெருவே இப்படித்தான் சிரித்தது. போன வருஷம் வந்தது காய்ந்த விறகு. அப்போதும் இதே விதிதான். கீழ்ச் சந்துக் கிழவர் கிறிஸ்பின், பச்சை விறகை ஊதி ஊதிப் புகையைக் குடித்துக்கொண்டு செப்டம்பருக்குக் காத்திருந்தார். செப்டம்பர் வந்தது; அவர் இல்லை. ‘ஆகஸ்ட் எடுத்துக்கொண்டது’ என்று சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் சொன்னார்கள். அவர் பங்கு விறகை வேறொருவர் எடுத்துக்கொண்டார். ஆகஸ்டுக்குக் கை உண்டா, கால் உண்டா? கூடத்தின் சாவி உண்டா? சாவி மனிதனின் சட்டைப்பையில் இருந்தது. பழியைத் தூக்கிக் காலண்டர்மேல் போட்டுவிட்டால் எந்தச் சட்டைப்பையையும் யாரும் சோதிக்க மாட்டார்கள். மூடநம்பிக்கை ஏழைகளின் தலையில் மட்டும் குடியிருக்கிறது என்று நினைப்பவர்கள், அதனால் லாபம் யாருக்கு என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

எதெல்மிரா கத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டத்துக்கு, அரோமோ மரத்தின் மஞ்சள் பூங்கொத்தைக் கோட்டில் குத்திக்கொண்டு போனார். கூடை நிறையச் சூடான சோபைப்பியா. தொட்டுக்கொள்ள முர்த்தாப் பழ ஜாம். வெளியே மழை கொட்டியது. உள்ளே அடுப்பைச் சுற்றி நாற்காலியைப் போட்டுக்கொண்டு எல்லோரும் வாயில் போட்டுக்கொண்டார்கள். மாத்தே ஊற்றிக் கொடுக்கும் பொறுப்பை எதெல்மிராவே எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் குடுக்கையைத் திருப்பித் தரும்போது ‘நன்றி’ என்று சொன்னால், போதும், இனி ஊற்றாதே என்று அர்த்தம். தோன் ருபெர்த்தோ அந்த வார்த்தையை இதுவரை சொன்னதே கிடையாது.

மூன்றாவது குடுக்கையை நீட்டியபடி எதெல்மிரா கேட்டார்: “தோன் ருபெர்த்தோ, பெரிய நிலநடுக்கத்தன்னிக்கு நீங்க மலையேறி ஓடினதச் சொல்லுங்களேன். இந்தக் காத்துச் சத்தம் கேக்கறப்பல்லாம் அதான் ஞாபகம் வருது.”

கூட்டத்தில் பெருமூச்சு கிளம்பியது. அறுபத்தாறு வருஷத்துக்கு முன்னால், 1960-இல் வந்த அந்த நிலநடுக்கத்தையும் கடல் பொங்கி ஊருக்குள் வந்ததையும் தோன் ருபெர்த்தோ சொல்லிக் கேட்காத காது எங்கள் தெருவில் இல்லை. அவர் முகம் மட்டும் அடுப்பைப்போல மலர்ந்தது.

“ஞாயித்துக்கிழம மத்தியானம். பூமி ஆடி நின்னுச்சு. பாத்தா கடல் உள்வாங்கிப் போகுது. பெரியவங்கல்லாம் மீன் பொறுக்க ஓடறாங்க. எனக்கு மட்டும் பொறி தட்டுச்சு, இது திரும்பி வரும்னு. தொழுவத்துல கன்னுக்குட்டி கத்துது. தூக்கினேன் தோள்மேல. ஓடினேன் பாருங்க மலைமேல, தனியா!”

“போன வருஷம் ஆட்டுக்குட்டி” என்று நிதியா பக்கத்திலிருந்தவள் காதில் உரக்கவே சொன்னாள். “அடுத்த வருஷம் தேவாலயத்தையே தூக்கிட்டு ஓடுவாரு.”

“சின்னப் பையன், அவ்வளவு தைரியமா!” என்றார் எதெல்மிரா. “பள்ளிக்கூடம் சேந்திருந்தீங்களோ?”

“அந்த வருஷந்தான் சேந்தேன். ஆறு வயசு. புது ஷூ வேற. ரெண்டும் சேத்துல போச்சு.”

“அப்ப ஆறு வயசு” என்று எதெல்மிரா தலையசைத்து, கெண்டியைக் கீழே வைத்தார். கூடத்தில் விரல்கள் தாமாக மடங்கத் தொடங்கின. நிதியாவுக்குத்தான் முதலில் கணக்கு முடிந்தது.

“தோன் ருபெர்த்தோ! அப்படின்னா உங்களுக்கு எழுபத்திரண்டு! அறுபத்தெட்டுன்னு சொல்லித்தானே தகரம் போட்டுக்கிட்டீங்க?”

தோன் ருபெர்த்தோவின் தொண்டையில் சோபைப்பியா சிக்கியது. “இல்ல... அப்ப எனக்கு ரெண்டு வயசுதான்.”

“ரெண்டு வயசுல கன்னுக்குட்டியா?”

“கன்னுக்குட்டியெல்லாம்... சும்மா ஒரு அழகுக்குச் சொல்றது. அம்மாதான் என்னைக் கூடைல வெச்சுத் தூக்கிட்டு ஓடினாங்க. நான் கைக்குழந்த.”

“என்னது?”

இது அவர் மனைவி இர்மா. பின்வரிசையில் பின்னிக்கொண்டிருந்த கம்பளிக் காலுறையை மடியில் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். “கூடையா? கடற்கரைல உக்காத்தி வெச்சு, தனியா ஓடினேன், தனியா ஓடினேன்னு என்கிட்ட சொன்னியே? அந்தக் கதைய நம்பித்தான்யா மரக்கடைக்காரன் பொண்ணு கேட்டு வந்தப்போ வேணாம்னேன்! அவன் இப்ப மூணு படகு வெச்சிருக்கான்!”

அடுப்பில் விறகு வெடித்தது. தோன் ருபெர்த்தோ மனைவியைப் பார்த்தார். பிறகு, அங்கிருந்து தெரியாத தன் கூரையை நினைத்து மேலே பார்த்தார். வீரனாக இருந்தால் தகரம் போகும். தகரம் இருந்தால் வீரம் போகும். வீரம் போனால் இன்றைக்கு ராத்திரிச் சாப்பாடும் போகும். கடைசியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார்.

“ஓடினேன். ஆறு வயசு. நானேதான் ஓடினேன்.”

“கன்னுக்குட்டி?” என்றாள் இர்மா.

“கோழி.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா பெரிய கோழி.”

சிரிப்பில் கூடத்தின் பலகைகள் அதிர்ந்தன. எதெல்மிரா அது அடங்கும்வரை பொறுமையாக இருமி முடித்து, எழுந்தார்.

“சந்தோஷம். அப்ப விதிப்படி உங்க கூரைத் தகரத்தக் கழட்டிக் கூடத்துல வெச்சிடுங்க. செப்டம்பர் வரட்டும். நீங்க இருக்கீங்களான்னு பாத்துட்டுத் திருப்பித் தர்றோம். பொதுச் சொத்து, வீணாகக் கூடாது பாருங்க.”

“இந்த மழைலயா? நான் செத்துடுவேன்!”

“சேச்சே, மழை என்ன செய்யும்? செத்தா அதுக்கு ஆகஸ்ட்தான் காரணம். நாங்க பொறுப்பில்ல.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், “கிறிஸ்பின்” என்று அந்த ஒரு பெயரை மட்டும் சொன்னது. சிலர் தரையைப் பார்த்தார்கள். போன வருஷம் சவப்பெட்டி தூக்கியவர்கள்தான் அவர்கள்.

தோன் ருபெர்த்தோ குடுக்கையை எதெல்மிராவிடம் நீட்டி, தன் வாழ்நாளில் முதல்முறையாக, “நன்றி” என்றார். பிறகு கனைத்துக்கொண்டு, விதியைக் கமிட்டி மறுபடி யோசிக்கலாம், ஆகஸ்டும் மற்றவற்றைப்போல ஒரு மாதந்தானே, இந்தக் காலத்தில் போய் இப்படியெல்லாம் நம்பிக்கொண்டிருப்பது அறியாமை என்று ஒரு சிறு சொற்பொழிவு நிகழ்த்தினார். பகுத்தறிவு எங்கள் தெருவுக்கு அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. தலைவரின் கூரை வழியாக வந்தது என்பதற்காக அதைத் திருப்பியா அனுப்ப முடியும்? எல்லோரும் கை தூக்கினார்கள். சாவி, தோன் ருபெர்த்தோவின் பையிலிருந்து நிதியாவின் பைக்குப் போனது.

மறுநாள் மழை இடைவெளி விட்டபோதெல்லாம் மேட்டுத் தெரு முழுக்கச் சுத்தியல் சத்தம். எழுபதைத் தாண்டியவர்களின் கூரைகள் ஒவ்வொன்றாக மூடின. எதெல்மிராவின் கூரைமேல் ஏறியவர்களில் தோன் ருபெர்த்தோவும் ஒருவர், இர்மா அனுப்பியிருந்தாள். கீழே குடை பிடித்து நின்றுகொண்டு எதெல்மிரா ஆணைகள் போட்டார்.

“அந்த மூலையில இன்னொரு ஆணி! கோழி தூக்கின கைதானே, ஓங்கி அடிங்க!”

மாலையில் கட்டில் அடுப்பருகே வந்தது. நாற்றுப் பலகைக்கும் அதற்கும் நடுவே, மாத்தே கெண்டி வைக்கிற அளவுக்கு இடம் மிஞ்சியது. இருமல் உடனே போய்விடவில்லை. சுகாதார நிலையத்துக்கு நிதியா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன பிறகுதான் போனது. மாதக் கடைசி விருந்துக்கு எதெல்மிரா போகவில்லை. தக்காளியை இடம் மாற்றி நடும் வேலை இருந்தது. “காலண்டர் தாளக் கிழிச்சதுக்கெல்லாமா ஆட்ட அறுப்பாங்க?” என்றாராம்.

உங்கள் தெருவிலும் ஒரு வயதானவர் இருப்பார். அவருக்கு வரவேண்டிய கண்ணாடியோ, ஓய்வூதியமோ, ஒரு வேலிக் கம்போகூட, ‘பார்க்கலாம், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்’ என்ற அலமாரியில் கிடக்கும். அந்த அலமாரியின் சாவி யார் பையில் இருக்கிறது என்று இன்றைக்கே கண்டுபிடியுங்கள். அந்தச் சாவிக்காரரைக் கேளுங்கள். உரக்க, நாலு பேர் முன்னால் கேளுங்கள்.