கோட்டையைச் சுற்றி வந்த பஸ்

சென்ற ஆண்டு, ஓணம் முடிந்த வாரம். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் அலுவலகக் கூட்டம் நெரியும் காலை நேரம்.

போக்குவரத்து ஆராய்ச்சி மையம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால் அம்மா இன்றும் "பஸ் ஆபீஸு" என்றுதான் சொல்வார்.

அன்றைய வேலை, கழக்கூட்டம் போகும் மின்சார பஸ்ஸில் புதிதாகப் பொருத்திய சாய்பலகையைச் சோதிப்பது. நடு வாசலிலிருந்து அதை விரித்தால், சக்கர நாற்காலியில் இருப்பவர் யார் துணையும் இல்லாமல் தானே உருட்டிக்கொண்டு ஏறலாம். பலகையைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. பயணிகளைப் பற்றித்தான் சந்தேகம். நேரமாகிறது என்று சத்தம் போடுவார்கள், அப்படித் தகராறு வந்தால் மற்ற பஸ்களுக்கு இது வேண்டாம் என்று விட்டுவிடலாம் என்ற பேச்சு இருந்தது.

சோதனைக்கு வர ஒப்புக்கொண்டவர், ஆரியசாலையில் சக்கர நாற்காலியில் அமர்ந்து லாட்டரி விற்கும் ஒரு தமிழ்க்கார அக்கா. நாள் முழுக்க பஸ்கள் போவதைப் பார்த்துக்கொண்டே வியாபாரம் செய்கிறவர். பஸ்ஸில் கடைசியாக ஏறியது சின்ன வயதில், அப்பா தோளில்.

பஸ் வந்தது. நிறுத்தத்தை ஒட்டி ஆட்டோக்கள் நின்றதால் டிரைவர் தள்ளி நிறுத்த வேண்டியதாயிற்று. பலகை விரிந்தது. நடைமேடை விளிம்பில் படிய வேண்டிய அதன் நுனி கீழே ரோட்டில் போய் நின்றது. ஏணி மாதிரி செங்குத்து. பின்னால் பஸ்கள் வரிசைகட்டி நின்றதால் ரிவர்ஸ் எடுக்கவும் வழியில்லை.

உள்ளிருந்து நாலைந்து பேர் இறங்கி வந்து, நாற்காலியோடு தூக்கிவிடலாம் என்று கை வைத்தார்கள். அக்கா சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தூக்காதீங்க, கேட்டியளா. தூக்குறதுக்கு வீட்டுலயே ஆளுண்டு. நான் தனியா ஏறிப் பாக்கத்தான் வந்தேன்."

தமிழ் தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது. கையை எடுத்துக்கொண்டார்கள். பெண் கண்டக்டர் டிரைவரிடம் பேசிவிட்டு, பயணிகள் பக்கம் திரும்பினார். கோட்டையைச் சுற்றி வந்து ஒட்டி நிறுத்தினால்தான் முடியும், அவசரமுள்ளவர்கள் இறங்கி வேறு பஸ் பிடிக்கலாம் என்று மலையாளத்தில் சொன்னார். இதோ, சண்டை தொடங்கப்போகிறது என்று நினைத்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, அதுவரை வாட்சையே பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், பஸ்ஸுக்குள்ளிருந்து டிரைவர் பக்கம் எட்டிச் சொன்னார்: "சேட்டா, ஒண்ணு சுத்தி வா. சேச்சி கேறட்டே."

அக்கா ஏறட்டுமாம். ஒருவரும் இறங்கவில்லை. இறங்கி வந்தவர்களும் திரும்ப ஏறிக்கொண்டார்கள்.

பஸ் கிளம்பிப் போனதும் அக்கா என்னைக் கிண்டல் செய்தார். "அனுப்பி விட்டுட்டியே மக்கா. இனி அது கழக்கூட்டத்துல போயிதான் நிக்கும்." எனக்கும் அதே பயம்தான். அதற்குள் ஆட்டோக்காரர்கள் தாமாகவே வண்டிகளை நகர்த்தி, வேறு யாரும் புகுந்துவிடாமல் அந்த இடத்தைக் காத்து நின்றார்கள்.

நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து பஸ் திரும்பி வந்தது. ஜன்னல்களில் அதே முகங்கள். டயர் உரசுமளவுக்கு விளிம்பை ஒட்டி நின்றது. இந்த முறை பலகையின் நுனி நடைமேடையில் படிந்தது. அக்கா உருட்டினார். பாதியில் சக்கரம் வழுக்கிப் பின்னால் நகர்ந்தது. சுற்றி நின்றவர்களின் கைகள் தன்னால் எழுந்தன. எழுந்தவை அப்படியே அந்தரத்தில் நின்றன. யாரும் தொடவில்லை. அக்கா மூச்சைப் பிடித்து இன்னொரு தள்ளு தள்ளினார். உள்ளே போய்விட்டார்.

யாரும் கைதட்டவில்லை. கண்டக்டர் எல்லோரிடமும் கேட்பதுபோலவே "எவிடேக்கா?" என்று போகுமிடம் கேட்டு டிக்கெட் கொடுத்தார்.

பஸ் ஓரிடத்தில் நிற்கும் நேரத்தை எங்கள் துறையில் இழப்பாகத்தான் கணக்கிடுவோம். ஒரு பஸ் நிறைய மனிதர்கள் அந்த நேரத்தை முன்பின் தெரியாத ஒருவருக்கு மனதாரக் கொடுத்ததைப் பார்த்த பிறகு, படிவத்தில் 'இழப்பு' என்ற கட்டத்தில் நிமிடங்களை எழுதும்போதெல்லாம் என் கை ஒரு நொடி தயங்கித்தான் நகர்கிறது.