நாச்சிமுத்துவின் கம்பை வெயிலில் போட்டேன்

ஒரு மனிதன் விழ வேண்டும் என்று முழங்காலில் நின்று ஜெபித்தவன் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கர்த்தர் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்ல வேண்டுமானால் இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

1935-ஆம் வருஷம் கோயமுத்தூரில் ஒரு காலேஜில் சேர்ந்தேன். என் தகப்பனார் பெருந்துறைப் பக்கம் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர். எனக்கு மிஷன் விடுதியில் சாப்பாடு கிடைத்தது. படிப்பில் நான் சுமார். யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. கம்பை ஊன்றிக் குறுக்குக் கழியைத் தாண்டும் போல் வால்ட்டில்தான் முதல்முறையாக விளையாட்டு மாஸ்டர், "யாருப்பா அது?" என்று கேட்டார்.

சத்தியமங்கலத்திலிருந்து மூங்கில் ஏற்றி வந்த வண்டிக்காரரிடம் கெஞ்சி ஒரு கழி வாங்கினேன். தணலில் வாட்டி நிமிர்த்தினேன். பயங்கரக் கனம். தூக்கிக்கொண்டு ஓடினால் தோள் கழன்றுவிடும் போலிருக்கும். தாண்டி விழும் குழியின் மணலை நானே கிளறி, நானே குதிப்பேன். பழக ஆரம்பித்துச் சில வாரங்கள்தான். ஆனாலும் அது என்னுடைய இடம் என்று இருந்தேன்.

அப்புறம் நாச்சிமுத்து வந்தான். என் வகுப்புதான். உடுமலைப்பேட்டைப் பக்கம் பெரிய தோட்டக்காரர் மகன். அவனுடைய கம்பு மதராஸிலிருந்து ரயிலில் வந்தது. ஜப்பான் மூங்கில், பிடிக்கும் இடத்தில் துணிப்பட்டை சுற்றியது. ஒரே மாதத்தில் என் உயரத்தைத் தாண்டிவிட்டான். மணலில் விழுந்து எழுந்து சிரிப்பான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாயிருக்கும். "தேவசகாயம், உன்ற ஓட்டம் எனக்கு வராது பாரு" என்பான்.

"அப்படியெல்லாம் இல்லீங்க" என்பேன். ஒரே வகுப்பில் படித்தும் அந்த 'ங்க' என் நாக்கை விட்டுப் போகவில்லை. அதற்கும் சேர்த்து அவன்மேல் எரிந்தேன். தினமும் காலையில், "ஆண்டவரே, அவனைக் கீழே தள்ளும்" என்று ஜெபித்தேன்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது அவன் கம்பை என்னிடம் கொடுத்தான். "உங்க விடுதிக்குள்ள போட்டு வெய்யி. வெயில் பட்டா மூங்கி வெடிச்சுப் போயிரும்."

"சரீங்க" என்றேன்.

விடுதியின் மொட்டை மாடியில், நல்ல வெயிலில் போட்டேன். நாலு நாள் அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாள் எடுத்துப் பார்த்தபோது, துணிப்பட்டைக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். பட்டையைப் பிரித்து, விரிசல் மறையும்படி சுற்றிவிட்டேன்.

லீவு முடிந்த மறுநாளே காலேஜ் பந்தயம். கம்பை வாங்கிக்கொண்டு, "நல்லாப் பாத்துக்கிட்டே, சந்தோசம்" என்றான். ஓடி வரும் இடத்தில் போய் நின்றான். அப்போதுதான் என் கண்ணுக்கு முன்னால் அது தெரிந்தது. கம்பு நடுவில் முறிகிறது. முறிந்த முனையின்மேல் அவன் விழுகிறான். நான் கேட்ட ஜெபம் அப்படியே பலிக்கப்போகிறது.

கத்தப் பார்த்தேன். குரல் வரவில்லை. சொன்னால் நான் தொலைந்தேன். அவன் ஓட ஆரம்பித்துவிட்டான். "இயேசப்பா, நான் கேட்டதைக் கொடுக்காதேயும். என் வாயைத் திறவும்." அவ்வளவுதான் ஜெபம்.

"நில்லு நாச்சிமுத்து! கம்பு வெடிச்சிருக்குது!"

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. அவன் கம்பை விட்டுவிட்டு மணலில் சறுக்கி நின்றான். மாஸ்டர் கம்பைத் தரையில் ஊன்றி அழுத்தினார். படாரென்று முறிந்தது. முறிந்த முனை கத்தி மாதிரி இருந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாஸ்டர். எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டேன். வெயில், பட்டை, ஜெபம், எல்லாம்.

நாச்சிமுத்து முறிந்த முனையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "ஏனப்பா, நான் உனக்கு என்ன பண்ணுனேன்?" என்றான்.

"ஒண்ணும் பண்ணலீங்க. நீங்க தாண்டுனீங்க."

அவன் கீழே கிடந்த என் கம்பை எடுத்தான். கேட்கவில்லை. அந்தக் கனத்தையும் தூக்கிக்கொண்டு ஓடித் தாண்டினான். அவனுக்குத்தான் முதல் பரிசு. என் முறை வந்தபோது கால் பட்டுக் குறுக்குக் கழி விழுந்தது. அவனை எல்லாரும் தூக்கிக்கொண்டு போனபோது என் வயிறு மறுபடியும் எரிந்தது. மறைக்க மாட்டேன். ஆனால் அவன் அடிபடாமல் முழு உடம்போடு இருந்து சிரிப்பதைப் பார்த்து அழுதேன்.

என்னைக் காலேஜை விட்டு அனுப்புவார்கள் என்றிருந்தேன். நாச்சிமுத்து பிரின்ஸிபாலிடம் போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். என்னிடம் மட்டும் இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் வந்து, "உன்ற கம்பக் குடு, பழகோணும்" என்றான். அந்த வருஷம் முழுவதும் ஒரே கம்பில் மாறி மாறித் தாண்டினோம்.

பொறாமை அத்தோடு செத்துவிட்டது என்று நான் சாட்சி சொல்லவில்லை. இன்றும் வருகிறது. ஆனால் கேட்ட கெடுதலைக் கொடுக்காமல், கேட்கத் தகுதியில்லாதவனுக்கு வாயைத் திறந்துவிட்டாரே, அந்தத் தேவனுக்கு ஸ்தோத்திரம். இப்போது யார்மேல் எரிகிறேனோ அவர் பெயரைச் சொல்லி, அவருக்கு நன்மை கேட்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார். அவர் பெயர் வாயில் வராது, எனக்குத் தெரியும். முதல் எழுத்தையாவது சொல்லி ஆரம்பியுங்கள். மீதியைக் கர்த்தர் சொல்ல வைப்பார்.