இன்னொரு இடத்திலும் பழகியவள்

சிமெண்டுத் தரையில் மூன்று பேருடைய ஈரக் கால்தடங்கள். நாங்கள் கத்தாவை முடித்துவிட்டு விலகி நின்றதும், மாஸ்டர் முதலில் குனிந்து பார்ப்பது அவற்றைத்தான். எதிராளி இல்லாமல், மனப்பாடமான அடிகளையும் தடுப்புகளையும் வரிசையாகச் செய்துகாட்டுவதற்குக் கராத்தேயில் கத்தா என்று பெயர். மூன்று பேர் குழுவாகச் செய்தால் மூச்சுகூட ஒன்றாக விழ வேண்டும். கால் கிளம்பிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். பினாங்கின் புழுக்கத்தில் உள்ளங்கால் வியர்த்து, யார் எங்கே நின்றார்கள் என்பதைத் தரை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமை என் தடம் சரியாக இருந்தது. குழுவிலிருந்த சீனப் பெண்ணின் தடமும் சரி. அக்காவின் தடம் மட்டும் அரைச் சாண் தள்ளி விழுந்திருந்தது. மாஸ்டர் நிமிர்ந்தார். மறுபடியும் என்று விரலைச் சுழற்றினார்.

அக்கா என் உடன்பிறந்தவள் இல்லை. பாயான் லெப்பாஸில் ஒரே தொழிற்சாலையில், ஒரே வரிசையில் உட்கார்ந்து கணினிச் சில்லுகளைச் சோதித்தோம். இருவர் வீடும் டத்தோ கிராமாட்டில், இரண்டு சந்து தள்ளி. காலை ஷிப்டுக்கு அவளுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவேன். வாரத்தில் மூன்று மாலை கராத்தே. நான் சேர்ந்ததே அவள் கூட்டிப்போனதால்தான். பதினோரு வருடம் அவள் பக்கத்தில் நின்று பழகியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டால்கூட அவள் தோள் எப்போது திரும்பும் என்று எனக்குத் தெரியும்.

அவளை மாற்றியது ஒரு பிற்பகல். ஷிப்டு முடிந்து பசாருக்குக் காய்கறி வாங்கப் போனவளின் பையை ஒருவன் பறித்தான். பை போனதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. அவள் விடாமல் பிடித்தபோது அவன் அவளுடைய மணிக்கட்டைப் பற்றியிருக்கிறான். அதைத்தான் மறுநாள் கேண்டீனில் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“பதினோரு வருஷமா பழகறோம். ஒருத்தர்கூட என் கையப் பிடிச்சதில்ல. அவன் பிடிச்சான், எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலலா. காலு மட்டும் அழகா ஸ்டான்ஸ்ல நிக்குது.”

இன்னும் நிறையப் பழக வேண்டும் அக்கா என்றேன். அன்று எனக்கு அதுதான் பதிலாகத் தோன்றியது. அவள் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

சில மாதங்கள் கழித்து, மோட்டாரில் பின்னால் உட்கார்ந்திருந்தபோது, ஹெல்மெட்டுக்குக் கீழே அவள் கழுத்தில் சிவந்த கோடு ஒன்றைக் கண்டேன். முரட்டுத் துணி உரசிய தழும்பு. கேட்டதும் மறைக்காமல் சொன்னாள். ஞாயிறு காலை மாதாகோயில் பூசை முடிந்ததும் ஜூடோவுக்குப் போகிறாளாம். ஒரு பழைய சீனச் சங்கக் கட்டடத்தின் மாடியாம். சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுக்கிறார்களாம், தூக்கிப் போடுகிறார்களாம், முதல் மூன்று வாரம் விழுவதற்கு மட்டுமே கற்றுக்கொடுத்தார்களாம். வேலையிடத்து மலாய்த் தோழி ஒருத்தியிடம் அவர்களுடைய தற்காப்புக் கலையான சிலாட்டும் ஆரம்பித்திருந்தாள். சிவப்பு விளக்கில் மோட்டார் நின்றபோது பாதி திரும்பிச் சொன்னாள்: “உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். மாஸ்டருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்.”

எங்கள் வகுப்பில் அப்போது ஒரு விதி இருந்தது. இங்கே பழகுகிறவர்கள் வேறெங்கும் பழகக் கூடாது. அந்த விதியை நான் மனதார நம்பினேன். ஒரே திருப்பத்தை ஆயிரக்கணக்கான முறை செய்த பிறகு, ஏதோ ஒரு சாதாரண நாளில், குதிகாலிலிருந்து இடுப்பு வழியாக முஷ்டி வரை பலம் தடையில்லாமல் ஓடிவந்து சேரும். அதை அனுபவித்தவர்களுக்கு வேறொன்றின் மேல் ஆசை வராது என்று நினைத்தேன். அக்காவும் அதை அனுபவித்தவள்தான். இருந்தும் போனாள். அங்கே எத்தனை முறை விழுந்தாள், யாரைத் தூக்கிப் போட்டாள் என்று வேலைக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிச் சிரித்தாள். கராத்தே வகுப்பிலிருந்து திரும்புகிற வழியில் அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

மாநிலப் போட்டி நெருங்கியது. ஜூடோவில் தாழ்ந்து நின்று பழகியதால் அக்காவின் இடுப்பு கத்தாவிலும் தாழ்ந்தது; திருப்பத்தில் ஒரு நொடி பிந்தினாள். அவளுக்காக எங்கள் மூன்று பேரையும் மாஸ்டர் மறுபடி மறுபடி செய்யவைத்தார். என் உள்ளங்கால் தோல் உரிந்து தரையில் ஒட்டியது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த வகுப்பு முடிந்து, மாஸ்டர் மண்டபத்தின் இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, நான் போய் அக்காவின் ஜூடோவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

அடுத்த வகுப்பில் அக்காவை வெளியே கூப்பிட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் பேசினார். அவள் எதையும் மறுத்த மாதிரி தெரியவில்லை. முடிவில் குனிந்து வணங்கினாள், செருப்பை மாட்டிக்கொண்டாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து நான் வெளியே வந்தபோது மோட்டாரின் மேல் உட்கார்ந்திருந்தாள். என்னுடைய ஹெல்மெட்டை நீட்டினாள். வழியில், இனி வர மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காததிலேயே அவள் கண்டுபிடித்திருக்கலாம்.

அவள் இடத்தில் வேறொருத்தியைச் சேர்த்துப் போட்டிக்குப் போனோம். மூன்றாம் இடம் வந்தது. அடுத்த ஒரு வருடமும் அக்கா தினமும் காலையில் என் வீட்டு முன்னால் வந்து ஹாரன் அடித்தாள். கல்யாணமாகிப் பினாங்குத் தீவை விட்டுச் சுங்கை பாக்காப் பக்கம் போனபோதுதான் நின்றது. பிறகு தொடர்பும் அறுந்தது.

நான் அந்த மண்டபத்திலேயே இருந்தேன். கறுப்புப் பட்டையில் கோடுகள் கூடின, நடுவராக உட்கார்ந்தேன், மாஸ்டருக்கு வயதானதும் வகுப்பையே பார்த்துக்கொண்டேன். வகுப்புக்கு வருகிறவர்கள் இப்போது குத்துச்சண்டைக்கும் போகிறார்கள், மல்யுத்தத்துக்கும் போகிறார்கள். யாரும் யாரிடமும் மறைப்பதில்லை. அந்தப் பழைய விதியை நீக்கியவளே நான்தான். பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை. கைப்பேசிக் குழுவில் ஒரே ஒரு வரி போட்டேன். நான்கு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

போன வருடம் இடது இடுப்பு நடக்க விடாமல் செய்தது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், ஒரே அசைவை ஒரே பக்கமாக எத்தனை வருடம் செய்தீர்கள் என்று கேட்டார். இயன்முறைச் சிகிச்சைக்கு அனுப்பினார். எண் சீட்டோடு காத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில், எனக்கு இரண்டு இடம் தள்ளி அக்கா உட்கார்ந்திருந்தாள். மகளோடு இருக்க மறுபடி தீவுக்கே வந்துவிட்டாளாம். முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. வலது கையை மடியில் ஒரு பொருளை வைத்திருப்பது போல வைத்திருந்தாள்.

ஜூடோவில் தோள் போயிற்றாம். சிலாட்டில் இரண்டு விரல். பிற்பாடு குத்துச்சண்டையும் பழகியிருக்கிறாள், அதில் மூக்கு. இந்த மூன்றில் எதிலும் மேல்நிலை வரை போகவில்லை. “நீ ஒண்ணையே பண்ணி ஒரு எடத்துல ஒடச்சிக்கிட்ட. நான் நாலு பண்ணி நாலு எடத்துல ஒடச்சிக்கிட்டேன்லா” என்றாள். இரண்டு பேருக்கும் சிரிக்கக்கூட அசதியாக இருந்தது.

நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். மாஸ்டர் அன்றைக்கே என் பேரைச் சொல்லித்தான் கேட்டாராம்.

தெரிந்துமா ஒரு வருடம் என்னை ஏற்றிக்கொண்டு போனாள் என்று கேட்டேன்.

“உங்கம்மா பக்கவாதத்துல படுத்திருந்தாங்க. கம்பெனி பஸ்ஸுன்னா நீ ஒரு மணி நேரம் முன்னாடியே கெளம்பணும். அவங்களுக்கு யாரு கஞ்சி குடுக்கறது?” எண் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கோவம் இருந்துச்சு. பின்னாடி உக்காந்துக்கிட்டு நீ தோள்ல கை வைக்கறப்பல்லாம் இருந்துச்சு. அப்புறம் அதுவும் அலுத்துப்போச்சு” என்றாள்.

விதிக்காக நான் சொல்லவில்லை, போட்டிக்காகவும் இல்லை என்றேன். இத்தனை வருடமாக எனக்கு நானே அந்த இரண்டு காரணங்களைத்தான் சொல்லிவந்திருந்தேன். “நீங்க அங்க சந்தோஷமா இருந்தீங்க அக்கா. கராத்தேக்குக் கூட்டிட்டுப் போன மாதிரி என்னை அங்க கூப்பிடல.”

அவள் மடியிலிருந்த கையை மெல்ல இடம் மாற்றி வைத்தாள். சுவரிலிருந்த பலகையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் முறைக்கு இன்னும் நிறைய இருந்தது.

“கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா?”

உடனே ஆமாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அவள் காத்திருந்தாள். அவளிடம் இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லை.

“வந்திருக்க மாட்டேன்” என்றேன்.